கலாயோகி கண்ட முகங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியே ஊர்காவற்றுறைக்குச் செல்லும் தெருவில் கரம்பொன் என்னும் ஊர் உண்டு. தமிழாராய்ச்சிக்கு உலக அரங்கு அமைத்துத் தந்த தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. அவ்வூர் வீடொன்றின் விறாந்தையில் நாம் ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தோம். வெளியே பனையோலைகள் கடற்காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட நான்கு படங்கள் வரிசையாகத் தொங்கின. தீவகத்துப் பழைய வீடுகளுக்குள் நுழைந்தவர்கள் இத்தகைய வரிசையைக் கட்டாயம் கண்டிருப்பர்.

நடுவிலிருந்த படம் நம் கண்ணைக் கவர்ந்தது. கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர், பூச்சாடி வைத்த சிறு மேசையில் ஒரு கையை ஊன்றியபடி விறைத்து நின்றார். பின்னால் திரைச்சீலையில் வரைந்த பூங்காவும் படிக்கட்டும். அக்காலத்தில் தீவுப்பகுதி இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். முதற் சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குக் காசுக்கட்டளையாகவும், ஒரு பங்கு படப்பிடிப்பு நிலையத்துக்கும் போகும். அப்படி வந்த படம்தான் இது.

வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. “இவர் என்ரை அப்பு” என்றவர், சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவர் ஒருநாளும் உப்பிடி நிண்டதில்லைப் பிள்ளை. படம் பிடிக்கிறவன் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ எண்டு சொன்னவனாம். அப்புவைப் போலை இல்லை, ஆனாலும் அப்புதான்.”

போல இல்லை, ஆனாலும் அவரே. ஆச்சி போகிற போக்கில் கூறிய இச்சொல்லை நாம் அன்று வீடு திரும்பும்வரை எண்ணியபடியே வந்தோம். ஒருவரது உருவப்படம் என்பது யாது? கண்ணுக்குத் தெரிந்த முகத்தின் சாயலா, அல்லது அந்த முகத்துக்கு உரியவர் யாராக வாழ்ந்தார் என்பதா? இந்த வினாவைத் தம் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் நம்மிடையே தோன்றியிருக்கிறார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்த புகழ்பெற்ற தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த அம்மையார். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். ஆகவே தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ள அவருக்கு வாய்ப்பே இருக்கவில்லை. பிற்காலத்தில் உருவப்படங்களின் மெய்ம்மை பற்றி அவர் கொண்ட கருத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நாம் சாதிக்க வரவில்லை. எனினும் அவ்வெண்ணம் மனத்தில் எழாமல் இருப்பதும் அரிது.

இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றது கலையன்று, நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பகுதிக்குத் தலைவராகப் பணிபுரிந்தார். தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகுக்கு முதன்முதல் அறிவித்தவர் அவரே. பாறைகளைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தபோது, அவர் கண்கள் கல்லைவிட்டுக் கைவினைஞரின் கைகளை நோக்கின. செப்புத் தகட்டில் கொடி இழைப்பவர், தந்தத்தைக் கடைபவர், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுபவர் ஆகியோரை அவர் கண்டார். அவர்களுடைய தொழில் அழிந்துகொண்டிருப்பதையும் கண்டார். அதன் பயனாக 1908இல் வெளிவந்ததே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில் தம் இல்லத்தோடமைந்த அச்சகத்தில், வில்லியம் மொரிஸ் என்னும் கலைஞர் முன்பு பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அதனை அச்சிட்டார். 425 படிகளே அச்சாயின. அதிலுள்ள ஒளிப்படங்களை எடுத்தவர் அவருடைய முதல் மனைவியாரான எதெல் அம்மையார்.

கனிப்பொருள் ஆய்வாளர் ஒருவர் கலை வரலாற்றாசிரியராக மாறியது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்து, அதன் நிறத்தையும் பிளவையும் பார்த்து, எந்தப் படுகையில் எக்காலத்தில் உண்டாயிற்று என்று சொல்பவனுக்கும், ஒரு பழைய படத்தைக் கையில் எடுத்து அவ்வாறே சொல்பவனுக்கும் வேண்டிய கண் ஒன்றுதான்.

அந்தக் கண்ணின் கூர்மை இந்திய ஓவியங்களில் புலப்பட்டது. அக்காலத்து மேனாட்டறிஞர் பலர் வடஇந்தியச் சிற்றோவியங்கள் அனைத்தையும் பொதுப்பட ‘மொகலாய ஓவியம்’ என்றோ ‘பாரசீக ஓவியம்’ என்றோ கூறி விட்டுவிடுவர். குமாரசுவாமி இராசபுதனத்திலும் பஞ்சாப் மலைநாட்டிலும் ஊரூராகச் சென்று படங்களைத் திரட்டினார். 1916இல் ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டு, இவை வேறு, அவை வேறு என்று நிலைநாட்டினார். மொகலாய ஓவியன் அரசவையைச் சேர்ந்தவன். தன் முன்னே நிற்கும் மனிதன் எப்படியிருக்கிறானோ அப்படியே அவனை எழுத விரும்பினான். இராசபுத்திர ஓவியனோ கண்ணனையும் இராதையையும் நாயக நாயகியரையும் எழுதினான். அவன் எழுதிய பெண்கள் யாவரும் ஒரே முகத்தினராய் இருப்பது திறமைக் குறைவன்று. அவன் எழுத விழைந்தது ஒருத்தியை அன்று, காதலையே என்பது குமாரசுவாமியின் முடிபு. பின்வந்த அறிஞர்கள் இப்பிரிவினையை இவ்வளவு கடுமையாக வகுத்தல் பொருந்தாது என்பர். இராசபுத்திர அரண்மனைகளிலும் மன்னர்களின் உருவப்படங்கள் ஏராளமாக எழுதப்பட்டன. அவர்கள் கூறுவதே சரியென நமக்கும் படுகின்றது. ஆனால் வேலியே இல்லாத நிலத்தில் முதன்முதல் வேலி போட்டவர், சில இடங்களில் அளவு தவறியிருந்தால் அதனைப் பெரும் பிழையென்று கூறலாமா?

உருவப்படத்தைக் கலை வரலாற்றாசிரியர் எவ்வாறு படிக்கின்றார் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் படமொன்று கிடைக்கின்றது. அதில் ஆண்டு இல்லை. அவர் காதில் முத்துத் தொங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். 1614ஆம் ஆண்டில் நோயிலிருந்து தேறிய ஜஹாங்கீர், அஜ்மீரில் அடங்கிய மெய்ஞ்ஞானி முயினுத்தீன் சிஷ்தியிடம் தாம் கொண்ட பக்தியின் அடையாளமாகக் காது குத்தி முத்து அணிந்தார். ஆகவே முத்து இருப்பின் அந்தக் கோலம் 1614க்கு முற்பட்டதன்று. இவ்வாறே, ‘ஜாமா’ என்னும் நீண்ட மேலாடையின் முடிச்சு வலப்பக்கம் இருந்தால் அணிந்தவர் முஸ்லிம் என்றும், இடப்பக்கம் இருந்தால் இந்து என்றும் கொள்வது வழக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதையும் கமுக்கட்டையும் பார்க்கும் தொழில் இது. துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கும் இளைஞர்களுக்கு இத்தொழில் அலுப்புத் தராது என்று துணிந்து கூறுவோம்.

மொகலாய உருவப்படங்களுள் ஒன்றை ஒருமுறை கண்டவர் மறத்தல் இயலாது. ஜஹாங்கீரின் அவையில் இனாயத் கான் என்றொரு பிரபு இருந்தார். அபினியும் மதுவும் அவரை அரித்துத் தின்றுவிட்டன. 1618ஆம் ஆண்டில், ஊர் செல்ல விடை பெறுவதற்காக அவரைப் பல்லக்கில் சுமந்து வந்தனர். எலும்பும் தோலுமாகக் கிடந்த அவ்வுருவைக் கண்டு மனம் அதிர்ந்த சக்கரவர்த்தி, ஓவியரை அழைத்து அந்நிலையிலேயே எழுதச் செய்தார். இதனை அவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இனாயத் கான் அதன்பின் நெடிது உயிர் வாழவில்லை. அவரைக் காட்டும் வண்ண ஓவியம் ஒக்ஸ்போர்ட் போட்லியன் நூலகத்தில் உள்ளது. கோட்டோவியம் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. திண்டுகளில் சாய்ந்த மெலிந்த உடல், எண்ணத்தக்க விலா எலும்புகள், எங்கோ வெறித்த கண்கள். இந்தக் கோட்டோவியம் அடங்கிய கொலூபியோவ் தொகுதிக்கு 1929இல் பிரெஞ்சு மொழியில் விளக்கப் பட்டியல் எழுதியவர் குமாரசுவாமியே.

பொஸ்ரனுக்கு அவர் சென்ற வரலாறு நமக்குப் பெருமை தருவதன்று. தாம் அரிதிற் சேர்த்த ஓவியங்களைக் கொண்டு காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கலாம் என்று அவர் முன்வந்தார். அதற்கு வேண்டிய பொருளுதவி இந்தியாவில் கிட்டவில்லை. 1917இல் டென்மன் ரொஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அத்தொகுதியை வாங்கிப் பொஸ்ரன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். படங்களோடு அவற்றைச் சேர்த்தவரும் அங்கே சென்று இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். முப்பது ஆண்டுகள் அங்கேயே அவர் காலம் கழிந்தது. 1923 முதல் 1930 வரை அங்குள்ள இந்தியப் பொருள்களின் விளக்கப் பட்டியல்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இராசபுத்திர ஓவியத்துக்கும், இன்னொன்று மொகலாய ஓவியத்துக்கும் உரியவை. பட்டியல் என்றால் கடைக் கணக்குப் போன்றதென எண்ணுதல் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் அதிலுள்ளோர் யாவர், எழுத்து யாது கூறுகின்றது, எக்காலத்தது, ஒப்புடைய படம் வேறெங்கே உள்ளது என்றெல்லாம் ஆராய்ந்து எழுதுதல் வேண்டும். ஒரு கலை வரலாற்றாசிரியரின் வாழ்நாளிற் பெரும்பகுதி, வெளியார் கண்ணுக்குத் தெரியாத இவ்வேலையிலேயே செலவாகின்றது.

புகைப்படத்தையும் அவர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் அவருடைய நண்பர். அந்நாளில் புகைப்படம் ஓவியத்தோடு ஒப்ப வைக்கத் தக்கதன்று என்பதே பெரும்பாலோர் கருத்து. குமாரசுவாமியின் முயற்சியால் 1924ஆம் ஆண்டில் ஸ்ரீக்லிற்ஸின் 27 படங்களைப் பொஸ்ரன் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. பெரிய அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தைக் கலைப்பொருளாக ஏற்ற முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. விறாந்தைச் சுவரில் தொங்கும் நம் பாட்டன்மாரின் படங்களுக்கும் இவ்வகையில் அவர் வக்கீலாக நின்றார் எனலாம்.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, முகச்சாயலைப் பதிவு செய்வது ஒன்றே உருவப்படத்தின் வேலையா என்னும் ஐயம் அவர் எழுத்தில் வலுப்பெற்றது. ‘இலட்சிய உருவப்படம் பற்றிய மரபுக் கருத்து’ என்னும் பொருளில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் குறிப்பிடத்தக்கது. பாசகவியின் பெயரால் வழங்கும் ‘பிரதிமா நாடகம்’ என்னும் வடமொழி நாடகத்திலிருந்து அவர் எடுத்துக்காட்டிய காட்சி ஒன்றை இங்கே கூறாமலிருக்க முடியவில்லை. பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அந்நாடகத்தை ஏனைய சிலவற்றோடு கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தவர் கணபதி சாஸ்திரியார்.

மாமன் வீட்டிலிருந்து திரும்பும் பரதன் அயோத்திக்கு வெளியே ஒரு மண்டபத்தில் தங்குகின்றான். தந்தை இறந்த செய்தியை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. மண்டபத்துள்ளே நான்கு சிலைகள் நிற்கின்றன. அவற்றின் வேலைப்பாட்டை வியக்கும் பரதன், தேவர்களோ என மயங்கி வணங்க முற்படுகின்றான். காவலன் தடுத்து, இவை இக்குவாகு குலத்து மன்னர்களின் சிலைகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் கூறுகின்றான்: திலீபன், இரகு, அயன். நான்காவது சிலைக்கு வரும்போது பரதனின் நெஞ்சு நடுங்குகின்றது. உயிரோடிருப்பவர்களுக்கும் இங்கே சிலை வைப்பதுண்டோ என்று வினவுகின்றான். இல்லை, மறைந்தவர்களுக்கே என்று விடை வருகின்றது.

பெற்ற தந்தையின் சிலை முன்னே மகன் நின்றும், காவலன் சொல்லும்வரை இன்னாரென்று அவன் அறியவில்லை. இது சிற்பியின் குற்றமா? அன்று என்கிறார் குமாரசுவாமி. மறைந்த மன்னனைச் சிற்பி முகச்சுருக்கத்தோடும் நரையோடும் காட்ட விரும்பவில்லை. இனி அவன் எந்நிலையை எய்தினானோ அந்நிலையிலேயே காட்டினான். ஜாவா நாட்டில் ஐர்லங்க மன்னன் கருடன்மீது வீற்றிருக்கும் திருமாலாக வடிக்கப்பட்டான் என்று கொள்வதும் இக்கருத்தின்பாற்பட்டதே. மானிடரின் உருவை வடித்தல், எத்துணை அழகாயினும், சுவர்க்கத்துக்கு வழியாகாது என்று சுக்கிரநீதி என்னும் வடநூல் விதித்திருப்பதையும் அவர் எடுத்துக்காட்டுவார். அந்நூலின் காலம் குறித்து அறிஞர்களிடையே வழக்குண்டு. அதனை விடுவோம்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் கோயில்களில் நால்வர் திருவுருவங்களைத் தினமும் காண்கின்றோம். அப்பரின் முகம் எத்தகையதென்று எவர் அறிவார்? கையிலுள்ள உழவாரப்படையே அவர் அப்பர் என்கின்றது. ஏடேந்தியவர் மணிவாசகர், மணக்கோலத்து இளைஞர் சுந்தரர், சிறு குழந்தை சம்பந்தர். பொலனறுவைச் சிவன் கோயிலில் 1907ஆம் ஆண்டையடுத்து அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகளுள் சுந்தரர் திருவுருவமும் ஒன்று. இறைவன் தடுத்தாட்கொண்ட அக்கணத்து வியப்பு அம்முகத்தில் உறைந்து நிற்பதாகக் கண்டோர் கூறுவர். கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள அத்திருமேனிகளைப் பற்றிக் குமாரசுவாமி 1914இல் தனி நூலே வெளியிட்டார். சிவதாண்டவத்தைப் பற்றிய அவருடைய புகழ்மிக்க கட்டுரை, 1912இல் ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவ ஏட்டில் முதன்முதல் வெளிவந்தது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

இனாயத் கானின் படத்தோடு காரைக்காலம்மையாரின் செப்புத் திருமேனி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நெடுநாள் ஆசை. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில், சோழர் காலத்து அம்மையார் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கிறார். அங்கும் எலும்பும் தோலுமே. அங்கும் விலாவை எண்ணலாம். ஆனால் இனாயத் கானின் மெலிவு அவர்மேல் வந்து விழுந்தது; அம்மையாரின் மெலிவோ அவரே வேண்டிப் பெற்றது. முன்னதை எழுதியவன் கண்ணெதிரே கண்டு எழுதினான். பின்னதை வார்த்தவன் அம்மையாரைக் கண்டவனல்லன். திருவாலங்காட்டு வரலாற்றைக் கேட்டு வார்த்தவன். இரண்டனுள் எதனை ஒருவரின் மெய்யுருவம் என்பது? நாம் முன்னதைப் பார்க்கும்போது முன்னது என்கிறோம்; பின்னதைப் பார்க்கும்போது பின்னது என்கிறோம். குமாரசுவாமி இவ்வாறு தடுமாறவில்லை. அவருக்குப் பின்னதே உயர்ந்தது.

தென்னாட்டிலும் சாயலை நாடிய உருவச்சிலைகள் இல்லாமற் போகவில்லை. திருப்பதியில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கின்றார். பெயர்கள் சிலைகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தொந்தியோடு காட்சியளிக்கின்றார். தொந்தியைக் காட்டத் துணிந்த சிற்பி நிச்சயம் ஆளைப் பார்த்தவன்தான்.

தீவகத்துக்குத் திரும்புவோம். குறிகட்டுவான் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள பழைய தமிழ்க் கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பிறநாட்டார் முதலில் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொணரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி. மன்னனின் எண்ணம் எவ்வளவு தெளிவாக நம் தீவில் கல்லில் நிற்கின்றது! ஆனால் அவன் முகம்? பொலனறுவையில் பொத்குல் விகாரைக்கு அருகே பாறையிற் செதுக்கிய பெரிய சிலை அவனுடையதே என்பார் சிலர். முனிவர் ஒருவரின் சிலை என்பார் வேறு சிலர். கையில் ஏந்தியிருப்பது ஏடா, நுகமா என்பதிலும் வழக்குத் தீரவில்லை. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று காட்டப்படும் இடிபாட்டுக்கு உரிய வெடியரசனுக்கோ சிலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஊரார் வாய்ச்சொல்லே உண்டு.

கல்வெட்டு என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. நம்மவர் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உற்றாருக்கு வழங்கும் சிறு நூலையும் யாழ்ப்பாணத்தார் ‘கல்வெட்டு’ என்றே அழைப்பர். முன்பக்கத்தில் இறந்தவரின் படம். உள்ளே குலமுறை, வாழ்க்கை வரலாறு, தேவாரம், மக்கள் புலம்பல். கல்லில் வெட்டாவிடினும் பெயர் பொருத்தமானதே. முகத்தையும் வாழ்ந்த வாழ்வையும் ஒருங்கே வைக்கும் இவ்வழக்கத்தை ஆராய்ச்சியாளர் எவரேனும் தீவுதோறும் சென்று தொகுத்தால் அரியதொரு வரலாறு கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று கலை வரலாறு பாடமாகப் பயிலப்படுகின்றது. மாணவர் எவர்க்கேனும் ஆய்வுக்குப் பொருள் வேண்டுமாயின், வீட்டுப் பரணிலேயே அது கிடக்கின்றது.

தம் சொந்த வாழ்க்கை வரலாற்றைப் பொறுத்தவரை குமாரசுவாமி மிகவும் கண்டிப்பாக இருந்தார். மலாயாவில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம் என்னும் அன்பர் அவருடைய வரலாற்றை எழுத விரும்பிச் செய்திகள் கேட்டுக் கடிதம் எழுதினார். கலாயோகி மறுத்துவிட்டார். அடக்கத்தினால் அன்று, கொள்கையினால் மறுக்கிறேன் என்பதே அவர் விடையின் சாரம். மனிதனின் உருவை வடிப்பது சுவர்க்கத்துக்கு வழியாகாது என்னும் அதே விதியையே தமக்கும் பொருத்திக் காட்டினார். பிறருடைய உருவப்படங்களை ஆராய்ந்து பட்டியல் எழுதியவர், தம்முடைய சொல்லோவியத்துக்கு அமர்ந்து கொடுக்க இசையவில்லை.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில் அவர் காலமானார். எழுபது வயது நிறைந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பி இமயமலைச் சாரலில் தங்குவதாக நண்பர்களிடம் கூறியிருந்தார், அது நிறைவேறவில்லை. துரைராஜசிங்கமோ சோர்ந்துவிடவில்லை. உலகெங்கும் உள்ள அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி நினைவுக் கட்டுரைகளும் படங்களும் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளியிட்டார். 1974இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றது. பெரியவர் வேண்டாம் என்றதைச் செய்தது முறையா? முறையன்று என்று சொல்லிக்கொண்டே அந்நூல்களை நாடுவோர் பலர். இக்கட்டுரையும் அவர் விருப்பத்துக்கு மாறானதே. கொள்கையில் அவரோடு வாதாட நமக்குத் தகுதியில்லை. எனினும், நினைவில் நிறுத்த ஏதும் எஞ்சாமற் போகும் நிலையை நேரிற் கண்டவர்கள் படம் வேண்டாம் என்று எளிதில் சொல்லமாட்டார்கள்.

தீவகத்தார் அந்நிலையைக் கண்டவர்கள். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் போர் ஊர்காவற்றுறைப் பகுதிக்குள் புகுந்தபோது மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். உறுதிகளையும் நகைகளையும் எடுத்தவர்கள் சுவரிலிருந்த படங்களை எடுக்க நினைக்கவில்லை. நினைத்தவர்களுக்கும் நேரம் இருக்கவில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது பல வீடுகளில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, படம் தொங்கிய ஆணிகூட இல்லை. திருமணப் படம், மலாயாப் படம், பள்ளிக்கூடக் குழுப்படம் எல்லாம் மழையிலும் கறையானிலும் போயின. பேரப்பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்து, பாட்டனாரின் படம் உண்டா என்று தொலைபேசியில் கேட்கின்றனர். இருக்கும் படங்களிலும் பலவற்றின் பின்புறத்தில் பெயரில்லை, ஊரில்லை, ஆண்டில்லை. மதிப்பறிந்த அருங்காட்சியகங்கள் முதலில் செய்யும் வேலை பெயரெழுதுவதே. மென்மையான பென்சிலும் கால் மணி நேரமும் போதும்; அப்பணியைச் செய்யத்தக்க முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர்.

கரம்பொன் விறாந்தையிலிருந்த நான்கு படங்களுள் மூன்று, கொழும்பிலும் கடல்கடந்தும் உள்ள உறவினர் வைத்திருந்த படிகளிலிருந்து பிறகு எடுத்தவை. கடைசிப் படம் ஒன்றுதான் அவ்வீட்டுச் சுவரிலேயே இத்தனை ஆண்டும் இருந்தது. சட்டத்துக்குள் மழைநீர் இறங்கி, மேற்பகுதி முழுவதும் வெண்மையாகிவிட்டது. முகம் இல்லை. கீழே ஒரு நாற்காலிக் கையும், அதன்மேல் வைத்த ஒரு பெண்ணின் கையும், சேலைக் கரையின் ஒரு துண்டும் மட்டும் தெரிகின்றன. அதற்கும் மற்றவற்றைப் போலவே பூமாலை போட்டிருந்தது.

இவர் யாரென்று எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டோம். ஆச்சி தம் இடக்கையை நீட்டிக் காட்டினார். படத்திலிருந்த அதே காப்பு அவர் கையில் இருந்தது. “அம்மா” என்றார்.